தெர்யாக் என்று பெயர் பெற்ற நஞ்சு – அபினும் புற்றுநோயும்

  

 

மதுவைப் பற்றி ஜும்ஆ மேடைகளில் நிறையப் பேசியிருக்கிறோம். கேட்பவர்களில் பெரும்பாலோர் அதைத் தொடாதவர்கள். அதனால் தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, "ஹஜ்ரத் யாரையோ சொல்கிறார்" என்று வீட்டுக்குப் போய்விடுவோம். இந்த வாரம் எடுத்துக்கொண்ட விஷயம் அப்படிப்பட்டதல்ல. தொழுகிறவர்கள், நோன்பு வைக்கிறவர்கள், மதுவை அருவருப்பாக நினைக்கிறவர்கள் இருக்கும் ஊர்களுக்குள்ளேயே, மருந்து என்ற பெயரில் நுழைந்த ஒன்றைப் பற்றியது இது. அதன் பெயர் அபின். நம் கிதாபுகளில் அஃப்யூன் என்று வரும்.

அபின் போதை தரும், அடிமையாக்கும் என்பதை எல்லோரும் அறிவோம். அது புற்றுநோயையும் உண்டாக்கும் என்பது பலருக்குத் தெரியாது. அதை உலகத்துக்கு நிரூபித்துக் காட்டியது ஈரானின் ஒரு மூலையில் வாழும் எளிய கிராமத்து மக்களின் வாழ்க்கை. அந்த ஊரிலிருந்து தொடங்குவோம்.

குலிஸ்தான் மாகாணம்

காஸ்பியன் கடலின் தென்கிழக்கு மூலையில், துர்க்மெனிஸ்தான் எல்லையை ஒட்டி, ஈரானில் குலிஸ்தான் என்றொரு மாகாணம் இருக்கிறது. அங்கே குன்பதே காவூஸ் என்ற ஊர். ஹிஜ்ரி 397-ல் கட்டப்பட்ட உயரமான செங்கல் கோபுரம் ஒன்று இன்றும் அங்கே நிற்கிறது. அதனால்தான் ஊருக்கே அந்தப் பெயர். அந்தச் சமவெளியில் அதிகமாக வாழ்பவர்கள் துர்க்மென் மக்கள். ஈரான் என்றவுடன் எல்லோரும் ஷியாக்கள் என்று நினைத்துவிடாதீர்கள். துர்க்மென் மக்கள் ஹனஃபீ மத்ஹபைப் பின்பற்றும் சுன்னத் ஜமாஅத்தினர்.

1970-களின் தொடக்கத்தில் இந்தப் பகுதி மருத்துவ உலகின் கவனத்தை இழுத்தது. காரணம் உணவுக்குழாய்ப் புற்றுநோய். தொண்டையிலிருந்து வயிற்றுக்கு உணவு இறங்கும் குழாயில் வரும் நோய் அது. முதலில் ரொட்டி இறங்காது. பிறகு கஞ்சி இறங்காது. கடைசியில் தண்ணீரும் இறங்காது. உலகிலேயே இந்த நோய் மிக அதிகமாகக் காணப்பட்ட இடங்களில் ஒன்றாக அந்தச் சமவெளி இருந்தது. தெஹ்ரான் பல்கலைக்கழகத்தினரும், பிரான்சின் லியோன் நகரில் இயங்கும் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையினரும் சேர்ந்து அங்கே நோயாளிகளைப் பதிவு செய்தார்கள்.

அவர்களைக் குழப்பிய விஷயம் இதுதான். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இந்த வகை உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு முக்கியமான இரண்டு காரணங்கள் மதுவும் சிகரெட்டும். அங்கே ஆண்களுக்கே அதிகம் வரும். ஆனால் இந்தத் துர்க்மென் கிராமங்களில் மது மிக மிக அரிது. சிகரெட்டும் குறைவு, பெண்களிடம் இல்லை என்றே சொல்லலாம். இருந்தும் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமாக நோய் வந்தது. மதுவை விட்டவர்களுக்கு மதுக்காரனின் நோய் எங்கிருந்து வந்தது?

தேடினார்கள். ஏழ்மை ஒரு காரணமாகத் தெரிந்தது. காய்கறி, பழம் குறைவாகச் சாப்பிடுவது ஒன்று. கொதிக்கக் கொதிக்கத் தேநீர் குடிப்பது ஒன்று. அதற்குப் பின்னால் வருகிறேன். மக்களின் சிறுநீரைச் சோதித்தபோது இன்னொன்றும் தெரிந்தது. நோய் அதிகமுள்ள கிராமங்களில் அபின் சாப்பிட்டதன் அடையாளமும் அதிகமாக இருந்தது. அபின் எரிந்த புகையையும் கசடையும் ஆய்வுக்கூடத்தில் பரிசோதித்தபோது, அவை உயிரணுவின் மரபுப் பொருளைச் சிதைப்பதைக் கண்டார்கள். சந்தேகம் வலுத்தது. ஆனால் 1979-ல் அங்கே புரட்சி, அதைத் தொடர்ந்து ஈராக்குடன் போர். ஆய்வு நின்றுபோனது. கேள்வி மட்டும் நின்றது.

ஐம்பதாயிரம் பேரின் சாட்சியம்

2004-ல் ஈரானிய மருத்துவர்களே அந்தக் கேள்வியை மறுபடி கையில் எடுத்தார்கள். 2004 முதல் 2008 வரை, குலிஸ்தானில் 40 வயதிலிருந்து 75 வயது வரையுள்ள சுமார் 50,000 பேரைச் சேர்த்தார்கள். பெரும்பாலோர் கிராமத்தார், பெரும்பாலோர் துர்க்மென். ஒவ்வொருவரிடமும் என்ன சாப்பிடுகிறீர்கள், என்ன குடிக்கிறீர்கள், புகை உண்டா, அபின் உண்டா, எத்தனை ஆண்டாக, எந்த வடிவில் என்று கேட்டு எழுதினார்கள். பிறகு ஆண்டுக்கு ஒருமுறை தொடர்புகொண்டு, யார் நோயுற்றார், யார் மவுத்தானார், எதனால் என்று பதிவு செய்தார்கள். நோய் வந்தபின் காரணம் தேடும் ஆய்வல்ல இது. நல்ல நிலையில் இருக்கும்போதே எழுதி வைத்துவிட்டு, பொறுமையாகக் காத்திருந்து பார்த்த ஆய்வு. அதனால்தான் இதற்கு மதிப்பு அதிகம்.

அந்த ஐம்பதாயிரம் பேரில் 100-க்கு 17 பேர் அபின் பயன்படுத்தியவர்கள். சராசரியாக 12 ஆண்டுகளுக்கும் மேலாக! இவர்கள் தெருவில் விழுந்து கிடந்தவர்கள் அல்ல. குடும்பத்தோடு வாழ்ந்து, வயலில் உழைத்து, பேரப்பிள்ளைகளைக் கண்டவர்கள். பலர் புகைத்தார்கள், பலர் வாயில் போட்டு விழுங்கினார்கள்.

2012-ல் முதல் பெரிய முடிவு வெளிவந்தது. அபின் பயன்படுத்தியவர்கள் அந்தக் காலத்துக்குள் இறக்கும் வாய்ப்பு, பயன்படுத்தாதவர்களைவிட ஏறத்தாழ 1.86 மடங்கு. போதை மிஞ்சி இறந்தது மட்டுமல்ல, இதய நோய், நுரையீரல் நோய், புற்றுநோய் என எல்லாப் பக்கமும் மரணம் கூடியிருந்தது.

2020-ல் புற்றுநோயை மட்டும் தனியாகப் பார்த்த முடிவு வந்தது. சுமார் பத்தாண்டு கண்காணிப்பில், அவர்களில் 1,800-க்கும் மேற்பட்டோருக்குப் புற்றுநோய் வந்திருந்தது. அபின் பயன்படுத்தியவர்களுக்கு ஏதேனும் ஒரு புற்றுநோய் வரும் வாய்ப்பு 1.4 மடங்கு. புரியும்படி சொன்னால், வயதும் புகையும் மற்ற நிலைமைகளும் ஒன்றாக உள்ள இரண்டு கூட்டங்களில், அபின் தொடாத கூட்டத்தில் 100 பேருக்கு வந்தால், தொட்ட கூட்டத்தில் 140 பேருக்கு வருகிறது. உறுப்பு வாரியாகப் பார்த்தால் இன்னும் கவலைக்குரியது. நுரையீரல் புற்றுநோய் இரண்டு மடங்குக்கும் மேல். குரல்வளைப் புற்றுநோய் இரண்டரை மடங்கு. சிறுநீர்ப்பைப் புற்றுநோய் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. ஆய்வைத் தொடங்கி வைத்த உணவுக்குழாய்ப் புற்றுநோயிலும் இரைப்பைப் புற்றுநோயிலும் கூடுதல் இருந்தது, ஆனால் ஒன்றரை மடங்கைத் தொடவில்லை. அபினின் அளவு கூடக் கூட ஆபத்தும் கூடியது.

சிறுநீர்ப்பை என்றவுடன் சிலர் ஆச்சரியப்படுவார்கள். புகைத்தது வாயால், விழுங்கியது வயிற்றுக்கு. சிறுநீர்ப்பைக்கு என்ன சம்பந்தம்? உடலில் கலந்த நஞ்சைச் சிறுநீரகம் வடிகட்டி வெளியே அனுப்புகிறது. வெளியேறும் முன் மணிக்கணக்கில் அது தங்கியிருக்கும் இடம் சிறுநீர்ப்பை. சிகரெட் பிடிப்பவர்களுக்கு இதே நோய் அதிகம் வருவதும் இதே வழியில்தான்.

"அது சிகரெட்டால் வந்திருக்கும்"

இப்படி ஒரு செய்தியைச் சொன்னால் உடனே வரும் பதில் இது. நியாயமான கேள்விதான். அபின் பழக்கமுள்ளவர்களில் பலர் சிகரெட்டும் பிடிப்பார்கள். எது எதனால் வந்தது என்று எப்படிப் பிரிப்பது?

ஆய்வு செய்தவர்கள் இதை விட்டுவிடவில்லை. கணக்கில் புகையிலையைக் கழித்துப் பார்த்தார்கள். புகையிலையே தொடாதவர்களைத் தனியாக எடுத்தும் பார்த்தார்கள். அபினுக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பு மறையவில்லை. குலிஸ்தான் இந்தக் கேள்விக்கு ஏற்ற இடமாக அமைந்ததே இதனால்தான். அபின் உண்டு, சிகரெட் இல்லை என்று சொல்லத்தக்க மக்கள் அங்கே கணிசமாக இருந்தார்கள்.

இன்னொரு கேள்வி இதைவிட ஆழமானது. நோயின் வலி தாங்காமல் அபினைத் தேடியிருக்கலாமே? அப்படியானால் நோய் முதலில், அபின் பிறகு என்றல்லவா ஆகும்? அதையும் பார்த்தார்கள். பெரிய நோய் வந்த பிறகு அபினைத் தொடங்கியவர்களை நீக்கிவிட்டுக் கணக்கிட்டபோதும் முடிவு வலுவாகவே நின்றது.

நம் முஹத்திஸீன்கள் ஒரு ஹதீஸை ஏற்பதற்கு முன் அறிவிப்பாளர்களை ஒவ்வொருவராகச் சோதித்ததை மதரஸாவில் ஓதியிருக்கிறோம். இந்த மருத்துவர்கள் ஒரு காரணத்தை ஏற்பதற்கு முன் செய்த சோதனையைப் படிக்கும்போது எனக்கு அந்த ஞாபகம்தான் வந்தது. வாட்ஸ்அப்பில் வருகிற "அந்த இலை புற்றுநோயைக் குணப்படுத்தும்" செய்திகளுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

2020 செப்டம்பரில், முன்பு சொன்ன அதே சர்வதேச முகமை பல நாட்டு நிபுணர்களைக் கூட்டி எல்லா ஆய்வுகளையும் பரிசீலித்து, அபின் பயன்பாட்டை மனிதனுக்குப் புற்றுநோயை உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் சேர்த்தது. புகையிலை, மது, கல்நார் எல்லாம் இருக்கும் பிரிவு அது. நுரையீரல், குரல்வளை, சிறுநீர்ப்பை ஆகிய மூன்றுக்கும் போதுமான ஆதாரம் உண்டு என்றும், உணவுக்குழாய், இரைப்பை, கணையம், தொண்டை ஆகியவற்றிலும் தொடர்பு தெரிகிறது என்றும் சொன்னது. முதல் பிரிவு என்றால் எல்லாம் ஒரே அளவு ஆபத்து என்று அர்த்தமல்ல. ஆதாரம் உறுதியானது என்று அர்த்தம். நம்மூர்க்காரர்கள் கொஞ்சம் சங்கடத்தோடு கேட்க வேண்டிய ஒரு செய்தியும் உண்டு. கொட்டைப்பாக்கும் அதே முதல் பிரிவில்தான் இருக்கிறது, புகையிலை சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும். நிக்காஹ் வீட்டுத் தாம்பாளத்தைப் பற்றி இன்னொரு வாரம் பேசுவோம்.

எப்படி உண்டாக்குகிறது?

அபின் என்பது கசகசாச் செடியின் பச்சைக் காயைக் கீறினால் வடிகிற பால், உறைந்து கருத்தது. ஈரானில் அதை மூன்று விதமாகப் பயன்படுத்துகிறார்கள். பச்சை அபினாக ஒன்று. புகைத்தபின் குழாயில் மிஞ்சும் கரிக் கசடு ஒன்று. அதற்கு சூக்தே என்று பெயர், எரிந்தது என்று பொருள். அந்தக் கசடைப் பச்சை அபினோடு சேர்த்துத் தண்ணீரில் கொதிக்கவைத்து, வடித்து, சுண்டவைத்து எடுப்பது ஷீரே. எதையும் வீணாக்கக் கூடாது என்ற எண்ணத்தில் எரிந்த கரியையும் உடலுக்குள் அனுப்புகிறார்கள். எந்த ஒரு செடிப் பொருளையும் எரித்தால் வருகிற புகையிலும் கரியிலும் புற்றுநோயைத் தூண்டும் சேர்மங்கள் உண்டு. அபினுக்கு மட்டும் விதிவிலக்கு கிடையாது.

இதற்குமேல் கலப்படம். விற்பவன் எடையைக் கூட்ட ஈயம் சேர்க்கிறான். 2016-ல் ஈரானில் அபின் பழக்கமுள்ளவர்கள் கடுமையான வயிற்றுவலியோடும் இரத்தசோகையோடும் மருத்துவமனைகளுக்கு வந்து குவிந்தார்கள். சோதித்தால் ஈய நஞ்சு. வாழ்நாள் முழுக்கத் தராசில் மோசடி செய்பவர்களை எச்சரிக்கும் ஸூரா ஒன்று குர்ஆனில் இருக்கிறது. ஹராமான சரக்கிலும் தராசு மோசடி செய்கிறவனை என்ன சொல்ல!

தேநீர் பற்றிச் சொல்கிறேன் என்றேன். அதே குலிஸ்தானில், மிகச் சூடாகத் தேநீர் குடிப்பவர்களுக்கு உணவுக்குழாய்ப் புற்றுநோய் அதிகம் வருவதை 2009-ல் வெளியான ஆய்வு காட்டியது. 65 டிகிரிக்கு மேல் சூடான பானத்தைக் குடிப்பது புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று 2016-ல் அதே முகமை அறிவித்தது. தேயிலையின் குற்றமல்ல, சூட்டின் குற்றம். அஸ்மா பின்த் அபீபக்ர் (ரழி) அவர்கள் தரீத் சமைத்தால் அதன் சூட்டு ஆவி அடங்கும்வரை மூடி வைப்பார்கள் என்றும், அதில்தான் பரக்கத் அதிகம் என்று நபி (ஸல்) அவர்களிடம் கேட்டதாகச் சொல்வார்கள் என்றும் முஸ்னத் அஹ்மதில் வருகிறது. கடையில் ஆற்றிக் கொடுக்கும் டீக்கு இரண்டு நிமிடம் பொறுத்தால் நஷ்டம் ஒன்றுமில்லை.

தெர்யாக்: பெயரிலேயே ஏமாற்று

அரபியில் திர்யாக் என்றால் விஷ முறிவு மருந்து. அஜ்வா பேரீச்சம்பழத்தைப் பற்றிய ஹதீஸில் இந்தச் சொல் அந்தப் பொருளில்தான் வருகிறது. பண்டைக் காலத்து வைத்தியர்கள் பல சரக்குகளைக் கூட்டித் திர்யாக் தயாரித்தார்கள். அதில் அபினும் ஒரு சரக்கு. காலப்போக்கில் பார்ஸி மொழியில் அபினுக்கே தெர்யாக் என்ற பெயர் நிலைத்துவிட்டது. இன்று ஈரானில் அபினுக்குப் பேச்சு வழக்குச் சொல் அதுதான். அதற்கு அடிமையானவரைத் தெர்யாகீ என்பார்கள். விஷத்தை முறிக்கும் மருந்தின் பெயரை விஷமே எடுத்துக்கொண்டது.

பெயர் மட்டுமல்ல, நம்பிக்கையும் அப்படித்தான். அபின் சர்க்கரையைக் குறைக்கும், இரத்த அழுத்தத்தைக் குறைக்கும், இதயத்துக்கு நல்லது என்று அங்கே வயதானவர்களிடம் பரவலான நம்பிக்கை உண்டு. குலிஸ்தான் ஆய்வோ, இதயம், இரத்தக் குழாய் நோய்களால் ஏற்படும் மரணம் அபின் பயன்படுத்தியவர்களிடம் கூடுதல் என்று காட்டியது. நம்பிச் சாப்பிட்டவர்களுக்கு நேர் எதிராக நடந்திருக்கிறது.

அப்படியானால் அதில் எந்தப் பயனுமே இல்லையா? வலியைத் தணிக்கிறது, இருமலை, வயிற்றுப்போக்கை அடக்குகிறது. இதை மறுக்கத் தேவையில்லை. மதுவிலும் சூதிலும் மக்களுக்குச் சில பயன்கள் உண்டு, ஆனால் அவற்றின் பாவம் பயனைவிடப் பெரியது என்று அல்பகரா 219-ம் வசனத்தில் அல்லாஹ் சொல்கிறான். பயனே இல்லை என்று அவன் சொல்லவில்லை. பயனையும் கேட்டையும் எடைபோடச் சொல்லித் தருகிறான். தற்காலிக வலி நிவாரணம் ஒரு தட்டில், நுரையீரலும் குரல்வளையும் சிறுநீர்ப்பையும் மறு தட்டில்.

ஃபிக்ஹில் அபின்

"அபின் திரவம் இல்லை, நஜீஸும் இல்லை, அதற்கு ஹத்து தண்டனையும் இல்லை. அப்படியிருக்க அது எப்படி ஹராம்?" என்று வாதம் செய்பவர்கள் அந்தக் காலத்திலும் இருந்தார்கள். முதல் மூன்றும் உண்மைதான். நம் ஷாஃபிஈ கிதாபுகளில் அபின் சுத்தமான பொருள் என்றே வருகிறது. சட்டைப் பையில் அது இருந்தால் தொழுகை பாத்திலாகாது. ஆனால் சுத்தம் வேறு, சாப்பிட ஆகுமானது வேறு. மண்ணும் சுத்தமானதுதான், தயம்மும் செய்கிறோம், தின்பதில்லை. ஹிஜ்ரி 974-ல் மக்காவில் வஃபாத்தான இமாம் இப்னு ஹஜர் அல்ஹைதமீ (ரஹ்) அவர்கள் பெரும்பாவங்களைத் தொகுத்து எழுதிய அஸ்ஸவாஜிரில், சுத்தமான ஆனால் போதை தரும் பொருட்களைச் சாப்பிடுவதை ஒரு பெரும்பாவமாகவே எழுதுகிறார்கள். கஞ்சாவையும் அபினையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார்கள்.

போதை தருவதை மட்டுமல்ல, உடலைத் தளர்த்தி மந்தமாக்குவதையும் நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள் என்று உம்மு ஸலமா (ரழி) அவர்கள் அறிவிக்கும் செய்தி அபூதாவூதில் இருக்கிறது. நம் கைகளாலேயே நம்மை அழிவில் தள்ளிக்கொள்ளக் கூடாது என்ற அல்பகரா 195-ம் வசனமும், தன்னையோ பிறரையோ கேட்டுக்கு ஆளாக்கக் கூடாது என்ற பொது விதியும் இருக்கின்றன. புற்றுநோய் பற்றி ஹைதமீ இமாமுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. இன்று நமக்குத் தெரியும். எனவே நம் மீதுள்ள பொறுப்பு அவர்கள் காலத்து மக்களைவிடக் கனமானது.

அதே இமாமிடம் வந்த ஒரு கேள்வியை எல்லோரும் அறிய வேண்டும். என்னைப் பொறுத்தவரை இந்தப் பாடத்தில் மிக முக்கியமானது இதுதான். ஒருவன் அபினுக்கு அடிமையாகிவிட்டான், நிறுத்தினால் உயிர் போய்விடும் என்ற நிலை, என்ன செய்வது என்று கேட்டார்கள். "ஹராம், உடனே நிறுத்து" என்று ஒரு வரியில் அவர்கள் முடிக்கவில்லை. உயிர் போகும் என்பது உறுதியானால் அவனுக்கு அது ஆகும். ஆகும் என்பது மட்டுமல்ல, உயிரைக் காக்க அது கடமை, பசியால் சாகக் கிடப்பவனுக்குச் செத்த பிராணி ஆவது போல என்றார்கள். ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக அளவைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும், குடலே உணராத விதத்தில் அந்த ஏக்கம் தீரும்வரை. அப்படிக் குறைக்காமல் விட்டால் பாவி என்றும் சேர்த்துச் சொன்னார்கள். ஹனஃபீ மத்ஹபின் இப்னு ஆபிதீன் (ரஹ்) அவர்கள் இதைத் தம் ரத்துல் முஹ்தாரில் எடுத்து எழுதி, நம் மத்ஹபின் விதிகளும் இதற்கு மாறுபடவில்லை என்ற ரம்லீ அவர்களின் கூற்றையும் சேர்க்கிறார்கள்.

நானூறு ஆண்டுக்கு மேல் ஆன ஃபத்வா! இன்று போதை மீட்பு மருத்துவர்கள் சொல்வதும் அதே தத்ரீஜ் முறையைத்தான். மெத்தடோன், புப்ரெனார்ஃபின் போன்ற மருந்துகளைக் கொடுத்து, கண்காணிப்போடு படிப்படியாக இறக்குகிறார்கள். எனவே வீட்டில் ஒருவர் அபினுக்கோ அதன் குடும்பத்துப் பொருளுக்கோ அடிமையாகிவிட்டால், அறையில் பூட்டி வைத்து "தவ்பா செய்" என்று அடிக்காதீர்கள். தவ்பா உள்ளத்தின் வேலை. உடலுக்கு வைத்தியம் வேண்டும். ரமளானில் தானாகவே முழுமையாக விட்டுவிட்டு, பெருநாள் கழிந்ததும் பழைய அளவையே எடுப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. விட்ட இடைவெளியில் உடல் தன் தாங்கும் சக்தியை இழந்திருக்கும். முன்பு பழகிய அதே அளவு இப்போது மூச்சை நிறுத்திவிடும். இந்தியாவில் இருப்பவர்கள் 14446 என்ற அரசு உதவி எண்ணில் பெயர் சொல்லாமலே ஆலோசனை கேட்கலாம்.

மார்ஃபின் வேண்டாம் என்ற தாய்

போதை பற்றி ஒருமுறை பேசிய பிறகு, ஒரு சகோதரர் என்னிடம் தனியாக வந்தார். அவருடைய தாயாருக்குப் புற்றுநோய் முற்றிய நிலை. மருத்துவர் மார்ஃபின் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். அது அபினிலிருந்து எடுப்பது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். "ஹராமை வயிற்றில் வைத்துக்கொண்டு அல்லாஹ்வைச் சந்திக்க மாட்டேன்" என்று அந்தத் தாய் இரவெல்லாம் வலியில் துடிக்கிறார், மாத்திரையைத் தொடவில்லை.

இந்தப் பாடத்தைப் படித்துவிட்டு இன்னொரு தாய் அப்படிச் சொல்லிவிடக் கூடாது. அதனால் தெளிவாகச் சொல்கிறேன். புற்றுநோயை உண்டாக்கும் என்று அறிவிக்கப்பட்டது, மேலே சொன்ன பச்சை அபின், சூக்தே, ஷீரே வகைகளைப் பயன்படுத்துவது. மருத்துவர் அளந்து கொடுக்கும் மார்ஃபினைப் பற்றிய தீர்ப்பு அல்ல அது. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் மார்ஃபின் இருக்கிறது. நோயாளிகளுக்கு எளிதில் கிடைக்க வேண்டும் என்பதற்காகவே நம் நாட்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் 2014-ல் திருத்தப்பட்டது.

மார்க்கத்திலும் இதற்கு வழி இருக்கிறது. அழுகிய கையை வெட்டி எடுக்க ஒருவரின் உணர்வை இழக்கச் செய்யும் மருந்து கொடுக்கலாமா என்ற கேள்வியில், ஆகும் என்பதே சரியான கருத்து என்று இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் எழுதியிருக்கிறார்கள். மதுவை மருந்தாகக் கேட்டவரிடம், அது மருந்தல்ல, நோய் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்ன ஸஹீஹ் முஸ்லிம் ஹதீஸை இங்கே கொண்டுவந்து குழப்பக் கூடாது. ஃபுகஹாக்கள் அந்த ஹதீஸை நன்கு அறிந்தே இந்தச் சட்டத்தைச் சொன்னார்கள். நோயாளி வலி தணிந்து, கிப்லாவை நோக்கி அமைதியாகச் சாய்ந்து, இஷாரா செய்தாவது தொழ முடிகிறது என்றால் அது அல்லாஹ்வின் ரஹ்மத். அந்தத் தாயாரிடம் இதை நேரில் போய்ச் சொன்னேன். சிறிது நேரம் யோசித்துவிட்டு, "தண்ணீர் கொண்டு வா" என்று மகனிடம் சொன்னார்கள்.

இதே எச்சரிக்கை மறுபக்கமும் உண்டு. நம் ஊர்களில் இளைஞர்கள் சிலர் வலி மாத்திரைகளை வாங்கிப் போதைக்குப் பயன்படுத்துகிறார்கள். அவற்றால் புற்றுநோய் வரும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆதாரமில்லாமல் பயமுறுத்துவது தஃவா அல்ல. மூச்சு நின்று சாவதற்கும், அடிமையாவதற்கும் அவை போதும். ஹராம் என்பதற்கு அதுவே போதும்.

கசகசா ஹலாலா?

அபின் பற்றிப் பேசினால் கட்டாயம் வரும் கேள்வி இது. அதே செடியின் முற்றிய விதைதான் நாம் குருமாவில் அரைத்துப் போடும் கசகசா. போதை தருவது காயின் பாலில் இருக்கிறது. சமையலுக்குப் போடும் விதையில் போதை இல்லை. எனவே சமையலில் சேர்ப்பது ஹலால், சந்தேகம் வேண்டாம். ஆனால் வளைகுடா செல்பவர்களும் சிங்கப்பூர் செல்பவர்களும் கவனிக்க வேண்டும். அமீரகத்திலும் சவூதியிலும் சிங்கப்பூரிலும் கசகசா தடை செய்யப்பட்ட பொருள். மகனுக்காக உம்மா ஆசையாக அரைத்துக் கட்டிக் கொடுத்த மசாலாப் பொட்டலம் விமான நிலையத்தில் வழக்காகிவிடும். அந்த நாட்டுச் சட்டத்தை ஏற்றுக்கொண்டுதான் விசா வாங்குகிறோம். எனவே பெட்டியைக் கட்டும்போதே கசகசாவை எடுத்து வைத்துவிடுங்கள்.

கடைசியாக ஒரு மருத்துவக் குறிப்பு. அபின் வலியை மறைக்கிறது. உடல் கொடுக்கும் எச்சரிக்கை மணியை அது கழற்றி வைத்துவிடுகிறது. எனவே முன்பு அந்தப் பழக்கம் இருந்தவர்கள், சிகரெட் பழக்கம் உள்ளவர்களும்கூட, சில அறிகுறிகளைச் சாதாரணமாக விடக் கூடாது. உணவு இறங்கும்போது நெஞ்சில் அடைப்பது, மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்முவது, வலியே இல்லாமல் சிறுநீரில் இரத்தம் போவது, இருமலில் இரத்தம் வருவது, காரணமில்லாமல் எடை குறைவது. இவற்றில் எது தெரிந்தாலும், வெட்கப்பட்டு மறைக்காமல் மருத்துவரிடம் பழைய பழக்கத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். இறக்கிய நோய்க்கெல்லாம் அல்லாஹ் நிவாரணத்தையும் இறக்கியிருக்கிறான் என்பது நபிமொழி. சிறுநீர்ப்பை, குரல்வளைப் புற்றுநோய்கள் ஆரம்பத்திலேயே கண்டால் குணமாகும் வாய்ப்பு நன்றாக உள்ளவை.

யா அல்லாஹ்! நோயில் படுத்திருக்கும் எங்கள் பெற்றோர்களுக்கும் உறவினர்களுக்கும் ஷிஃபாவைத் தருவாயாக! அவர்களின் தலைமாட்டில் விழித்திருக்கும் பிள்ளைகளுக்குப் பொறுமையைத் தருவாயாக! ஆமீன்.